பின்கதவில் இரண்டு மயில்கள்

மயில்கள் இரண்டும் மெய். அவற்றை எவரும் கண்ணால் பார்க்கலாம். ஐயம் தீராவிட்டால் விரலால் தொட்டும் பார்க்கலாம். மற்றவற்றுக்கெல்லாம் ஹவில்தார் வையாபுரி ஒருவரே பொறுப்பு.

திருச்செங்கோடு சாலையில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்துபவள் தனபாக்கியம். படையிலிருந்து கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்த பழைய பட்டாள லாரி ஒன்று, எங்கோ ஒரு கல்குவாரியில் சில காலம் உழைத்துவிட்டு, கடைசியில் அவளிடம் வந்து சேர்ந்தது. மலைப்பாதைகளில் உயிர்நீத்த படை ஓட்டுநர்களின் நினைவாக அந்த லாரியை அதன் பழைய கோலத்துக்கே மீட்டுத் தருவதாக முன்னாள் படைவீரர் சங்கத்திடம் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் நினைவுத் தூண் வரை ஊர்வலம். லாரி தேறிவிட்டால் அதுவே முதலில் செல்லும். தேறாவிட்டால் பக்கத்து ஊர்ச் சங்கத்தாரின் டிராக்டர் முதலில் செல்லும். அந்த டிராக்டரின் மேல் தெர்மோகோலில் செய்த பீரங்கி ஒன்று இருந்தது. அதைப் பார்த்த நாள் முதல் தனபாக்கியத்துக்குச் சோறு இறங்கவில்லை.

தேறியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் சங்கத் தலைவர், கௌரவ கேப்டன் மாசிலாமணி. அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். “அன்னிக்கு இருந்த ஒரு ஆணி இன்னிக்கு இல்லாம இருக்கக் கூடாது. அன்னிக்கு இல்லாத ஒரு ஆணி இன்னிக்கு இருக்கவும் கூடாது. வரலாறு பிசகக் கூடாதும்மா.”

தனபாக்கியத்துக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது. குவாரிக்காரர் பொருத்தியிருந்த வண்ண விளக்குகளையும் பாட்டுப் பெட்டியையும் அவளே கழற்றி எறிந்தாள். கித்தான் கூரையைத் தாங்கும் வளைவுகளைப் பழைய புகைப்படங்களைப் பார்த்து வளைக்கச் செய்தாள். முகப்பு விளக்குகளுக்கு மேல்பாதியை மறைக்கும் மூடியைத் தகரத்தில் வெட்டச் செய்தாள். எண் பலகையில் படை வண்டிகளுக்கே உரிய வெள்ளை அம்புக்குறி மேல்நோக்கி நிற்கிறதா என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள்.

ஓய்வுபெற்ற படை ஓட்டுநரான வையாபுரி நாள்தோறும் பட்டறைக்கு வந்து, ஒரு பழைய டயரின்மேல் அமர்ந்து, “அம்மிணி, இந்த வண்டிய மலையில ஓட்டுனதே நான்தான்” என்பார். உளிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் சொல்வார். அவர் ஓட்டாத வண்டி கோயில் தேர் ஒன்றுதான் என்பது பட்டறையில் வழங்கிய பேச்சு. ஆயினும், நினைவுத் தூணில் பொறித்த பெயர்களுள் சில அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தவர்களுடையவை என்பதை எல்லாரும் அறிவார்கள். நாளை அந்த லாரியைத் தாமே ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மருமகள்மார் ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்த பிறகு அந்த ஆசை மேலும் முற்றிவிட்டது.

எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும். நேற்றுத் தனபாக்கியம் ஒரு கல்யாணத்துக்குப் போனதுதான் பிழையாயிற்று. பெயிண்டர் சென்னியப்பன் பச்சை வண்ணம் முழுவதையும் முடித்துவிட்டுப் பின்கதவுக்கு வந்தான். அந்தப் பட்டறையிலிருந்து வெறும் பின்கதவோடு எந்த லாரியும் வெளியேறியதில்லை. வெறும் கதவென்றால் வேலை முடியவில்லை என்று பொருள். எதிரெதிராக இரண்டு மயில்கள், நடுவில் ஒரு தாமரை, அடியில் நிழல் கொடுத்த எழுத்தில் ‘ஒலி எழுப்புக’. முடித்துவிட்டுத் தூர நின்று பார்த்தபோதுதான் அது பட்டாள லாரி என்பது அவனுக்கு நினைவுக்கு வந்தது.

“கை தானாப் போயிருச்சுங்க்கா” என்றான், இன்று காலை வந்து பார்த்த தனபாக்கியத்திடம். “கதவு சும்மா பச்சையா நின்னுச்சு. மனசு கேக்கலீங்க.”

“ஏன்டா, பட்டாள வண்டிக்குக் கொண்டை வச்ச மயிலா?”

“தோகையில வேலை சுத்தமா வந்திருக்குதுங்க்கா.”

அது உண்மைதான். மேலே பச்சை பூசினால் நாளைக்குள் உலராது. ஈரத்தில் தூசி படிந்து, மயில்கள் அம்மைத் தழும்போடு எட்டிப் பார்க்கும். அவள் வேறு வழி எண்ணுவதற்குள் கேப்டனின் ஜீப் வாசலில் வந்து நின்றது.

மாசிலாமணி முன்பக்கத்திலிருந்து தொடங்கினார். விளக்கு மூடியைத் தட்டினார்; கித்தானை முகர்ந்தார்; அம்புக்குறியின் முன் ஒரு கணம் நிமிர்ந்து நின்றார். “நல்லா இருக்கும்மா” என்றார். பிறகு பின்பக்கம் போனார்.

“தனபாக்கியம்,” என்றார் அங்கிருந்தே, “இது என்னம்மா?”

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதென்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் வையாபுரி டயரிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, சல்யூட் அடித்தார்.

“மயிலுங்க சாப். அப்பவே இருந்துச்சு. இல்லாட்டி அம்மிணி விடுவாங்களா?”

“பட்டாள வண்டியில மயில் இருந்துச்சு?”

“பனிக்காலமுங்க. மேல போனா எங்க பாத்தாலும் வெள்ளை. நிறம்னா என்னன்னே பசங்களுக்கு மறந்து போச்சு. எங்க சமையக்காரன் மஞ்சத்தூளப் பாத்துட்டு இது என்ன வியாதின்னு கேட்டானுங்க. அப்புறம்தான் மேலதிகாரி உத்தரவு போட்டாரு, கான்வாய்க்கு ஒரு வண்டியிலயாச்சும் மயில் இருக்கோணும்னு.”

சென்னியப்பன் தூரிகையால் வாயை மறைத்துக்கொண்டான்.

“சரி,” என்றார் கேப்டன். அவர் முகத்தில் ஒரு ரேகையும் அசையவில்லை. “அதை முன்னால போட வேண்டியதுதானே. பின்கதவுல எதுக்கு?”

இங்கே நின்றுவிடுவார் என்று தனபாக்கியம் நினைத்தாள். வையாபுரியோ இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல ஓரடி முன்னால் வந்தார்.

“அந்த வண்டிக்கு அதுதானுங்க முன்பக்கம். குளிர்ல முன்னால போற கியர் அத்தனையும் ஒறஞ்சு போச்சு. ரிவர்ஸ் கியரு மட்டும் உசுரோட இருந்துச்சு. நான் அதுவரைக்கும் பின்வாங்குனதே இல்லீங்களா, அதனால அது புத்தம் புதுசா இருந்துச்சு. அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் ரேஷன் மூட்டையோட ரிவர்ஸ்லயே ஏத்துனேன்.”

“ஏனுங்கண்ணா,” என்றான் சென்னியப்பன், தன் மயில்களுக்காகத்தான் இந்தப் பாடு என்பதையும் மறந்து, “மேல போனதுக்கப்புறம் எப்படிங்க எறங்குனீங்க?”

“எறங்கறதுக்கு எதுக்குடா கியரு? மலைதான் எறக்கி விடுதே.”

கேப்டன் குனிந்து கதவின் அடிப்பகுதியைப் படித்தார். “ஒலி எழுப்புக. அந்த மலையில பின்னால வந்து இதைப் படிச்சது யாரு?”

“மேகமுங்க சாப்.”

“மேகம்.”

“அந்தப் பாதையில மேகம் ரொம்ப அவசரத்துல போகுமுங்க. பின்னால வந்து முட்டும், நனைச்சுப் போடும், மன்னிப்புக்கூடக் கேக்காது. இதை எழுதி வச்சதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் மரியாதையா ஒருக்கா உறுமிட்டு, வலப்பக்கமாத்தான் தாண்டிப் போச்சு.”

“வடக்க இருக்கற மேகத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா வையாபுரி?”

“அதெல்லாம் நம்ம நாகப்பட்டணத்துப் பக்கம் கடல்ல கெளம்பிப் போன மேகமுங்க.”

தனபாக்கியம் தலையில் கைவைத்துக்கொண்டாள். தன் உழைப்பு முழுவதும் இந்த மனிதருடைய நாக்கு நுனியில் ஊசலாடுவதை அவள் கண்ணாரக் கண்டாள். “அண்ணா, போதுங்க” என்று மெல்லச் சொல்லியும் பார்த்தாள். அணை உடைந்த பின் மதகைச் சாத்தியது போலாயிற்று.

“ரிவர்ஸ்ல ஏத்துனேன்னா கண்ணாடியப் பாத்து ஓட்டுனேன்னு நெனைக்காதீங்க சாப். பாதி வழியில ஒரு கரடி வந்துச்சு. கண்ணாடியில மூஞ்சியப் பாத்துச்சு; நகர மாட்டேன்னுடுச்சு. பின்னாலயே அது சம்சாரமும் வந்துச்சு. ரெண்டும் ஒரு கண்ணாடிக்குச் சண்டை. குடும்பம் பிரியக் கூடாதுன்னு ரெண்டு கண்ணாடியவும் கழட்டி ஆளுக்கொண்ணாக் குடுத்துட்டேன். அப்புறம் கண்ணாடி இல்லாமத்தான் உச்சி வரைக்கும்.”

“பள்ளம் எந்தப் பக்கம்னு எப்படித் தெரிஞ்சுது?”

“மயிலு காட்டுச்சுங்க. பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பும்.”

“பெயிண்ட் மயில் திரும்புச்சு.”

“கழுத்து மட்டுமுங்க சாப். உடம்பு பெயிண்ட்டுதானே, அது எப்படித் திரும்பும்?” இத்தகைய கேள்வியைக் கேப்டன் கேட்டுவிட்டாரே என்ற வருத்தம் வையாபுரியின் குரலில் தெரிந்தது.

“மயில் கதவுக்கு வெளிப்பக்கம். நீ வண்டிக்கு உள்ள. அது திரும்புனது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பட்டறையில் உளிச் சத்தமும் நின்றது. வையாபுரி ஒரு மூச்சு இழுத்தார். அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

“பனியில நெழலு விழுமுங்களே. கலர் நெழலுங்க. அந்த உயரத்துல நெழலு கறுப்பா விழாது.”

மாசிலாமணி லாரியை மறுபடி ஒருமுறை சுற்றி வந்தார். அம்புக்குறியைப் பார்த்தார், மயில்களைப் பார்த்தார். தூரிகையோடு சுவரோடு சுவராக நின்ற சென்னியப்பனையும் பார்த்தார். தனபாக்கியத்தின் முன் வந்து நின்றபோது அவருடைய மீசை மட்டும் மெல்ல அசைந்தது.

“நிபந்தனை நிபந்தனைதாம்மா. அன்னிக்கு இருந்தது இருக்கணும். வண்டியை ஓட்டுனவரே மயில் இருந்துச்சுன்னு சாட்சி சொல்றாரு. நான் அங்க இல்ல. மயில் இருக்கட்டும். நாளைக்கு இந்த வண்டிதான் முதல்ல போகுது.”

சென்னியப்பன் தூரிகையை இறக்கினான்.

“நான்தானுங்களே சாப் ஓட்டறது?” என்றார் வையாபுரி. அந்த ஒரு கேள்வியில் மட்டும் புளுகு எதுவும் இல்லை.

“வேற யாரு? ஆனா வரலாறு பிசகக் கூடாது, வையாபுரி. மயில்தான் முன்பக்கம். இங்கிருந்து தூண் வரைக்கும் ரிவர்ஸ்லயே ஓட்டிட்டுப் போ. பின்னால நடந்து வர்ற நாங்க எல்லாரும் உன் முகத்தைப் பாத்துக்கிட்டே வர்றோம்.”

வையாபுரி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அவர் சொல் தேடித் தவித்ததைப் பட்டறை அன்றுதான் முதன்முதலாகக் கண்டது. ஆயினும் விரைவிலேயே மார்பு நிமிர்ந்தது.

“ரிவர்ஸுங்களா? எனக்கு அது சோறு திங்கற மாதிரிங்க சாப். ரெண்டு பக்கமும் இத்தாப் பெரிய கண்ணாடி இருக்கறப்போ என்னங்க பயம்?”

ஜீப்பில் ஒரு காலை வைத்த கேப்டன் திரும்பிப் பார்த்தார்.

“அது கரடிகிட்ட இல்ல இருக்குது?”

ஜீப் புறப்பட்டுப் போயிற்று. வையாபுரி மெல்லத் தனபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களில் இருந்த மன்றாட்டை அவள் நன்றாகவே கண்டாள்.

“சென்னியப்பா,” என்றாள் அவள், “ஸ்பேனர எடுத்துட்டு வா. கண்ணாடி ரெண்டையும் கழட்டோணும்.”