சீல் வைத்த மூடி

சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்துமூன்று வயது. குரு பிலோமினாவுக்கு நாற்பத்தொன்று. போடியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவளுடைய ஒர்க்ஷாப் இருந்தது.

தணிகாசலம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேன் ஒன்றை வாங்கிவிட்டு, அதைப் பழுது பார்க்கவும் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து கையைக் கறுப்பாக்கிக்கொண்டு போவார்.

அன்று சனிக்கிழமை இல்லை. வேனை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்.

“மேஸ்திரி, இன்ஜின்ல தண்ணி குறையுது.”

வேனுக்குள் அவர் மனைவி வேதவல்லி படுத்திருந்தாள். மதுரையில் இதய ஆபரேஷன் முடிந்து அன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீடு மலைமேல். படுக்க வைத்தே கூட்டிப் போங்கள், நன்றாகத் தூங்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். நடுவழியில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டால், போனும் எடுக்காத இடத்தில் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காலையிலிருந்து அவருக்கு இதே நினைப்புதான்.

“எவ்வளவு குறையுது சார்?”

“மதுரையில இருந்து வர்றதுக்குள்ள அஞ்சு தடவ ஊத்திட்டேன்.”

“கீழ ஒழுகுதா?”

“ஒரு சொட்டு இல்ல. அட்டை விரிச்சுப் பாத்தேன். குழாய், கிளிப்பு, பம்பு எல்லாம் தடவிப் பாத்தாச்சு. ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கணும். இன்ஜினே தண்ணியக் குடிக்குது.”

இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கிற அந்தத் தகடு போயிருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். பத்து நாள் வேலை.

போன மாதம் ஒரு ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுதும் ரோட்டில் போனது. பிலோமினாதான் புதுக் குழாய் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்த பயம் அவரை இன்னும் விடவில்லை.

பிலோமினா ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருக்கும். இது கறுப்பாகத்தான் இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பின்னால் வந்த புகையை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தாள். அதிலும் ஒன்றுமில்லை.

“எப்பிடித் தண்ணி பாத்தீங்க? செஞ்சு காட்டுங்க.”

அந்த வேனுக்கு இன்ஜின் பின்பக்கம். அதன் மேலேதான் படுக்கை. தணிகாசலம் பின்கதவைத் தூக்கினார்.

“வேதா, காலக் கொஞ்சம் மடக்கிக்கோ.”

வேதவல்லி கண்ணைத் திறந்தாள். காலை மடக்கிக்கொண்டாள். அவர் மெத்தையின் ஓரத்தைச் சுருட்டி, பலகையைத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் சாக்குத் துண்டைப் போட்டு, தள்ளி நின்று மெல்லத் திருகினார். புஸ்ஸென்று ஆவி சீறியது. சாக்கு நனைந்தது. சீற்றம் அடங்கியதும் பாட்டில் தண்ணீரை ஊற்றி மூடினார்.

“மூச்சு வாங்குதா வேதா?”

“இல்லங்க.”

“வலி? தலை சுத்துதா?”

“தூக்கம் வருதுங்க.”

“சரி, தூங்கு.”

பிலோமினா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வண்டியின் முன்சக்கரங்களை நிழலில் இருந்த மேட்டில் ஏற்றி நிறுத்தினாள்.

“ரெண்டு மணி நேரம் ஆறட்டும்.”

தணிகாசலம் நான்கு முறை வேன் பக்கம் நகர்ந்தார். நான்கு முறையும் அவள் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். அவர் துடைத்த துடைப்பில் பிளக்குகள் புதுசாகிவிட்டன.

ஆறிய பிறகு, முன்னால் ரேடியேட்டரின் தலையில் இருந்த ஸ்குரூவைத் தளர்த்தினாள். காற்று கொப்பளித்துக்கொண்டு வெளியேறியது. வெறும் தண்ணீர் வரும்வரை காத்திருந்து முறுக்கினாள். தொட்டியை நிரப்பி, விளக்குமாற்றுக் குச்சியை விட்டு எடுத்து, அதில் ஈரம் நின்ற இடத்தில் நகத்தால் கீறினாள். மூடியை இறுக்கினாள்.

அதோடு விடவில்லை. மூடியின் காதில் செம்புக் கம்பியைக் கோத்து, தொட்டியின் கழுத்தோடு முறுக்கி, சக்கரத்தில் எடை சரிக்கட்ட வைக்கிற ஈயத் துண்டு ஒன்றை முடிச்சின்மேல் வைத்துக் குறடால் நசுக்கினாள்.

தணிகாசலத்தின் முகம் மாறியது. முப்பத்தொரு வருட சர்வீஸில் ஆயிரக்கணக்கான மீட்டர்களில் அவர் பார்த்த சீல் அது. ஒன்றைக்கூட அவர் உடைத்ததில்லை.

“திறக்காம, உள்ள தண்ணி இருக்குன்னு எப்பிடித் தெரியும் மேஸ்திரி?”

“முன்னாடி சூடு காட்டுற முள்ளு இருக்குல்ல. அதப் பாருங்க.”

“முள்ளு பொய் சொன்னா?”

“நானும் வர்றேன். எடுங்க வண்டிய.”

மூன்றாவது வளைவில் அவர் நெற்றி வியர்த்தது. ஐந்தாவதில் வேகம் குறைந்தது. ஏழாவதில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

“கொதிக்கிற சத்தம் கேக்குது.”

“அது ஓடை.”

முள் பாதியில் நின்றது. அவர் இறங்கிப் பின்னால் போனார். பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவின் கைப்பிடியைத் தொட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேதவல்லி தூங்கிக்கொண்டிருந்தாள். சீல் இருக்கும்போது கதவைத் திறந்துதான் என்ன செய்வது? திரும்பி வந்து வண்டியை எடுத்தார்.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது முள் அதே பாதியில் இருந்தது.

“இப்பத் திறக்கலாமா?”

“ஆறட்டும்.”

தூங்குகிறவளை எழுப்பாமல் மறுபடி இரண்டு மணி நேரம். இந்த முறை துடைக்கப் பிளக்கும் இல்லை. தணிகாசலம் வேனின் படியில் உட்கார்ந்து, சாக்குத் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

கடைசியில் பிலோமினா குறடோடு எழுந்து பின்கதவைத் தூக்கினாள். அந்தச் சத்தத்துக்கு, தூக்கத்திலேயே வேதவல்லியின் கால்கள் மடங்கின. தணிகாசலம் அதைப் பார்த்தார்.

சீலை வெட்டியதும் மூடி சத்தமில்லாமல் வந்தது. குச்சியை விட்டு எடுத்தாள். ஈரம் சரியாக நகக்கீறல் வரை இருந்தது.

அவர் குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ ஓட்டை எங்க மேஸ்திரி?”

பிலோமினா அவர் கையில் இருந்த சாக்குத் துண்டைத் தொட்டுக் காட்டினாள்.

“சூட்டுல திறந்தா அந்த நிமிஷமே கொதிக்கும் சார். தண்ணி வெளிய போகும், காத்து உள்ள போகும். அப்புறம் நெசமாவே சூடாகும்.”

அவர் தலை குனிந்தது. ஆனாலும் பயம் அவ்வளவு லேசில் போகிற ஜாதியா? மெத்தைப் பக்கம் சாய்ந்து, மனைவியின் தோளைத் தொடக் கையை நீட்டினார். பிலோமினா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மலையேறினதுல இருந்து ஒரு வார்த்த பேசல மேஸ்திரி. எனக்குப் பயமா இருக்கு. கேக்காம, அவ நல்லா இருக்கான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“போர்வை ஏறி எறங்குது பாருங்க சார். அதான் முள்ளு.”