தூக்கணாங்குருவியின் பாதிக் கூடு

அந்தக் காலத்தில் பறவைகள் எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தன, தங்கள் தோல்வியை மட்டும் தவிர. இந்த விஷயத்தில் தூக்கணாங்குருவிகள் மிகவும் கண்டிப்பானவை. கூட்டை ஆண் மட்டுமே கட்ட வேண்டும். மறைவாகக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை பெட்டை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. இது அவர்களின் வழக்கம். பாதிக் கூட்டைப் பெட்டை பார்த்துவிட்டால் முட்டை பொரிக்காது என்றார்கள். இதை முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆண்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கண்மாய்க் கரையில் சில பனைகள் நின்றன. அவற்றின் நடுவே ஒரு பாழுங்கிணறு. அதன் ஆழம் குறித்துக் கதை சொல்பவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விழுந்தால் பிழைக்க முடியாது என்பதில் இல்லை. அந்தப் பனைகளில் நாரப்பன் என்ற ஆண் குருவியும் அவன் மனைவி கோரையும் இருந்தார்கள்.

நாரப்பன் கூடு கட்டினால் பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். காய்ந்து பொன்னிறமான புல்லை மட்டுமே எடுப்பான். பச்சைப் புல் கட்டும்போது கோணல்மாணலாகத் தெரியும், பிறகு நிறம் வேறு மாறும் என்பதால் அவனுக்கு அது ஆகாது. அவன் கூடு முதல் நாளிலிருந்தே தங்கம் போல மின்னும். ஒரே ஒரு குறை. கொஞ்சம் காற்றடித்தால் விழுந்துவிடும்.

விழுந்ததும் நாரப்பன் ஒன்று செய்வான். மற்றவர்கள் வயலுக்குப் போயிருக்கும் உச்சி வெயிலில் அந்தக் கூட்டை அலகால் இழுத்துக்கொண்டு போய்ப் பாழுங்கிணற்றில் தள்ளிவிடுவான். தள்ளும்போது கண்களை இறுக மூடிக்கொள்வான். எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் தாங்காது. பிறகு இறக்கையை உதறிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போல அடுத்த கூட்டை அதே மாதிரி தொடங்குவான்.

அந்த ஆண்டு கோரைக்கு வயிற்றில் முட்டை கனக்க ஆரம்பித்தது.

“ஏங்க, கூட்டை ஒரு தரம் பார்த்துட்டு வந்துடறேனே.”

“என்ன பேச்சு பேசறே? நம்ம வழக்கம் தெரியாதா?”

“வழக்கம் தெரியுது. போன வருஷக் கூடு எங்கே போச்சுன்னுதான் தெரியலை.”

“அந்த இடம் எனக்குப் பிடிக்கலை. பிரிச்சுட்டேன்.”

“அதுக்கு முந்தின வருஷத்துக் கூடு?”

“அதுவும் பிடிக்கலை.”

பக்கத்துப் பனையில் இருந்த காக்கை கரகரவென்று சிரித்தது. “தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு எந்த மரமும் பிடிக்காது. கிணறு ஒண்ணுதான் பிடிக்கும்.”

நாரப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உன் வேலையைப் பாரு. நீ கட்டியிருக்கறது கூடா? குப்பைத்தொட்டி!”

“குப்பைதான் மாப்பிள்ளை. ஊரே பார்த்துச் சிரிக்குது. ஆனா போன வருஷம் போட்ட குப்பை இன்னும் மரத்துலயே இருக்கு.”

நாரப்பன் அதன்பிறகு கோரையின் முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றுக்கு மேலே சாய்ந்து நின்ற பனையின் ஓலை நுனியில் கூட்டைக் கட்டி முடித்தான். அழகென்றால் அப்படி ஓர் அழகு. கோரை உள்ளே போய் முட்டையிட்டாள்.

ஒரு நாள் அவள் தண்ணீர் குடிக்கக் கண்மாய்க்குப் போயிருந்தாள். ஆடிக் காற்று எழுந்தது. அவள் திரும்பி வந்தபோது ஓலை இருந்தது, கூடு இல்லை. ஓலை நுனியில் பொன்னிறத்தில் நாலு நார் ஆடிக்கொண்டிருந்தது.

கோரை போட்ட அலறலில் கரையிலிருந்த கொக்குகள் எழும்பின.

நாரப்பன் பறந்து வந்தான். கீழே கிணற்றைப் பார்த்தான். இல்லை, பார்க்கவில்லை, பழக்கத்தில் அவன் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அவன் அப்படியே இருக்க, கோரை அம்பு போலக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டாள்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏங்க! ஐயோ, இங்கே வந்து பாருங்க!”

உடைந்த முட்டைகளைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்று அவன் நினைத்தான். ஆனால் அவள் குரலில் துக்கத்தைவிடத் திகைப்புதான் அதிகமாக இருந்தது. இறங்கினான். கண்களை மூடிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்க முடியாது என்பதால், வாழ்க்கையில் முதல்முறையாகத் திறந்துகொண்டு இறங்கினான்.

கிணற்றில் பாதி ஆழத்துக்குக் கூடுகள் கிடந்தன.

மக்கியவை, பாதி மக்கியவை, போன மாதத்துப் புதியவை. ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தை போலக் குவிந்து கிடந்தன. அவன் தள்ளியது அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. குவியலின் உச்சியில் அவன் கூடு மேற்பக்கம் பிரிந்து சாய்ந்து கிடந்தது. அதற்குள் முட்டைகள் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன.

“இதெல்லாம் நீங்க போட்டதா?” என்றாள் கோரை.

“இல்லை... கொஞ்சம்தான் என்னோடது. சத்தியமா கொஞ்சம்தான்.”

அலறல் கேட்டு வந்த மற்ற ஆண் குருவிகள் கிணற்று விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். உடனே வேறு திசைகளைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பெரியவரான செவ்வந்தியார் தொண்டையைச் செருமினார்.

“இதுல என்னோடது எதுவும் இல்லை.”

“உங்களை யாரும் கேட்கலையே பெரியவரே!” என்றது காக்கை.

நாரப்பன் குவியலில் ஒரு கூட்டைப் புரட்டினான். இன்னொன்றைப் புரட்டினான். எல்லாக் கூடுகளும் ஒரே இடத்தில்தான் விட்டுப்போயிருந்தன. நார் அறுந்திருக்கவில்லை. மேல் முடிச்சு நழுவியிருந்தது. காய்ந்த புல் ஓலையைப் பிடிக்காமல் வழுக்கிவிட்டது. பச்சைப் புல்லில் முடிச்சுப் போட்டிருந்தால் காயக் காய இறுகியிருக்கும்.

“எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்ணியிருக்கோம்,” என்றான். “தனித்தனியா, மறைச்சு மறைச்சுப் பண்ணியிருக்கோம்.”

அப்போது முதல் மழைத்துளி விழுந்தது.

முட்டைகளை மேலே தூக்கிக்கொண்டு போக முடியாது. நனைந்தால் அவ்வளவுதான். கோரை முட்டைகளின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்தாள். கிணற்றுச் சுவரிலிருந்து இரண்டு ஆலவேர்கள் அவள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒரு கூரை கட்ட வேண்டும். பெட்டை பார்க்க, ஊர் பார்க்க, காக்கை பார்க்கக் கட்ட வேண்டும்.

நாரப்பன் நடுங்கினான். மழை இன்னும் அவ்வளவு பெய்யவில்லை.

பச்சைப் புல்லைக் கிழித்து வந்தான். வேரில் முடிச்சிட்டு, வளையம் போட்டு, மேலே கவிழ்த்த சட்டி போலப் பின்னினான். கோணலாகத்தான் வந்தது. விளிம்பில் இருந்தவர்கள் “ஐயையோ, பொம்பளை பார்க்கக் கட்டறானே!” என்று அதிர்ந்துபோனார்கள். கோரை தலையை நிமிர்த்தி, வளையத்தை அலகால் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

மொத்தமும் அலகோடு வந்துவிட்டது.

நாரப்பன் விழுந்த கூரையை அலகில் கவ்வினான். அதை எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளிவிட வேண்டும், தானும் போய்விட வேண்டும். இறக்கையை விரித்தும்விட்டான். ஆனால் தள்ளுவதற்கு வேறு இடமில்லை. தள்ளும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

“போகாதீங்க,” என்றாள் கோரை. “எங்கே விட்டதுன்னு பாருங்க.”

அவன் இறக்கையை மடக்கினான். பார்த்தான். கண்ணீர் மறைத்தது; துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

“ஒரு வேரை மட்டும் சுத்தியிருக்கேன். ரெண்டையும் சேர்த்துச் சுத்தணும்.”

“அப்ப சுத்துங்க. மழை நிக்காது.”

இந்த முறை அவள் இழுத்துப் பார்த்தாள். தொங்கிப் பார்த்தாள். கூரை அசையவில்லை. மேலே இருந்த செவ்வந்தியார் எழுந்துபோய், ஒரு பச்சைப் புல்லைக் கொண்டுவந்து நாரப்பன் பக்கத்தில் வைத்தார்.

“அந்த மூலையில கிடக்கறது மூணும் என்னோடதுதான்,” என்றார் மெதுவாக.

காக்கை அதற்கு மேல் அன்று எதுவும் சொல்லவில்லை. அதுவே பெரிய அதிர்ச்சி.

மழை பெய்து ஓய்ந்தது. தண்ணீர் குவியலின் அடியோடு நின்றுவிட்டது. அத்தனை பேரின் விழுந்த கூடுகளின் மேல், பாதிக் கூட்டின் கீழ், நாரப்பனின் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. பாதிக் கூட்டைப் பார்த்தால் முட்டை பொரிக்காது என்று அதற்குப்பின் யாரும் சொல்லவில்லை.

அன்று முதல்தான், தூக்கணாங்குருவி பச்சைப் புல்லை எடுத்து, கவிழ்த்த சட்டி அளவுக்குப் பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்திக்கொண்டு, இறக்கையை அடித்துப் பெட்டையைக் கூப்பிடுகிறது. அவள் வந்து உட்கார்ந்து இழுத்துப் பார்த்து, சரி என்றால்தான் மீதியைக் கட்டுகிறது. சரியில்லை என்று அவள் பறந்துபோனால், அந்தப் பாதிக் கூட்டை அது எந்தக் கிணற்றிலும் தள்ளுவதில்லை. ஊர் பார்க்க ஓலை நுனியிலேயே ஆடவிட்டு, பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது.