சாதாக் கண்ணாடி

"சார், இந்தக் கண்ணாடியை எல்லாம் உடைச்சுடட்டுமா?"

அமலன் சார் சுவத்தோரமா உக்காந்து வேர்க்கடலை உரிச்சிட்டிருந்தாரு. எனக்குப் போட்டோ எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறவரு. என்னைவிட வயசு கம்மி. நான் அவரை சார்ம்பேன், அவரு என்னை அக்காம்பாரு. மரியாதை அதோட சரி. மத்தபடி சண்டைதான்.

"உடைங்கக்கா. செருப்பு மட்டும் போட்டுக்கோங்க."

"விளையாடாதீங்க! அஞ்சு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. பளபளக்காத கண்ணாடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சாதாக் கண்ணாடியைப் போட்டுக் குடுத்திருக்கான் அந்த ஃபிரேம் கடைக்காரன். எந்தப் படத்தைப் பாத்தாலும் டியூப்லைட்டு, ஃபேனு, என் மூஞ்சி!"

"மூஞ்சிக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு."

ஒரு வருஷ உழைப்பு இது. ஏரி மதகுல ஒரே கல்லு மேல என்னை உக்கார வெச்ச ஆளு இவரு. கரையை எடுக்காதே, மரத்தை எடுக்காதே, தண்ணியில விழுறதை மட்டும் எடுன்னாரு.

ஆடிக் காத்துல பனைமரம் துண்டு துண்டா நெளிஞ்சுது. ஐப்பசியில செம்மண் தண்ணி, டீயில ஆடை படிஞ்ச மாதிரி மேகம். மார்கழியில வெறும் வெள்ளை. சித்திரையில ஒரு பாய் அளவுக்குத்தான் தண்ணி, அதுல நீலமா ஒரு கீத்து.

அந்த நாலு படம்தான் இப்ப நூலகத்து மாடி ஹால்ல தொங்குது. என் முதல் கண்காட்சி. "குட்டையைப் போய் போட்டோ எடுக்கிறா"ன்னு சிரிச்ச சொந்தக்காரங்க அத்தனை பேரையும் வரச் சொல்லியிருக்கேன். முக்கியமா என் வீட்டுக்காரரோட அக்காவை, எங்க அண்ணியை.

"ஒரு வழி சொல்லுங்க சார்."

"கண்ணாடியில எது விழுதோ, அதை நிறுத்துங்க."

டியூப்லைட்டை அணைச்சேன்.

"ஜன்னல் விழுதுக்கா."

சாத்தினேன்.

"கதவு."

அதையும் சாத்தினேன்.

"மேல வெண்டிலேட்டர்."

நாற்காலி போட்டு ஏறி, பேப்பரைச் சுருட்டிச் சுருட்டி அடைச்சேன். வேர்த்து ஊத்துச்சு.

கும்மிருட்டு. அதுக்குள்ள இருந்து கடலை உடைக்கிற சத்தம்.

"அருமைக்கா. ஒண்ணுமே விழல."

"படமும் தெரியலையே!"

"ஆமா."

"ஆமாவா? இதைச் சொல்லத்தான் என்னை நாற்காலி மேல ஏத்துனீங்களா? நீங்கல்லாம் ஒரு வாத்தியாரா?"

"கடலை வேணுமா?"

வந்த ஆத்திரத்துல ஜன்னலை ஒரே தள்ளு தள்ளினேன். கதவு ரெண்டும் சுவத்துல போய் மோதுச்சு. திரும்பினா நேரா சித்திரைப் படம்.

வெளியில நிக்கிற புங்கமரம் அந்தப் படத்துக்குள்ள இருந்துச்சு.

தளதளன்னு இலை. அதுக்கு அடியில நீலக் கீத்து. காத்து அடிச்சுது, கீத்துக்கு மேல இலை ஓடுச்சு. வந்துச்சு. மறுபடி ஓடுச்சு.

ஒரு எட்டு இடது பக்கம் நகர்ந்தேன். கொஞ்சம் குனிஞ்சேன்.

"என்னக்கா?"

"சார், தள்ளுங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க."

பையிலிருந்து கேமராவை எடுத்தேன்.

எத்தனை எடுத்தேன்னு தெரியாது. கதவு திறந்துச்சு. அண்ணிதான். முதல் ஆளா வந்துட்டாங்க. மாம்பழ மஞ்சள்ல பட்டுச்சேலை, தலை நிறையப் பூ.

"என்ன கோமளா, இன்னும் அந்தக் குட்டையை விடலையா நீ?"

வாய்க்குள்ள பதில் ரெடியா இருந்துச்சு. ஒரு வருஷமா சேத்து வெச்ச பதில்.

கேமராவுல இருந்து கண்ணை எடுக்காம சொன்னேன்:

"ஆடாம அங்கேயே நில்லுங்க அண்ணி. ஏரிக்குள்ள நிக்கிறீங்க."