கொக்கிக்குச் சாம்பிராணி போட்டவர்கள்

கோயம்புத்தூருக்குத் தெற்கே ஒரு பட்டறையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து அரைப்படி அறிவு இருந்தது. அதுவும் முழுக்கத் தன்னிடமே இருப்பதாக மேஸ்திரி ஆறுச்சாமிக்கு எண்ணம். அவர் கண்ணாடி போட்டிருந்ததால் செங்கோடனும் மருதாத்தாளும் அதை நம்பினார்கள்.

முதலாளி தாமோதரன் புதிதாக ஒரு மிஷின் வாங்கிப் போட்டிருந்தார். இரும்புத் தூளோடு மெழுகும் பிளாஸ்டிக்கும் சேர்த்துப் பிசைந்து, சூடாக்கி, அச்சுக்குள் பீய்ச்சும் மிஷின். வெளியே வருவதைக் குளிப்பாட்டி மெழுகை எடுத்து உலையில் சுட்டால் கெட்டி இரும்பு. வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து பூட்டுக் கம்பெனிக்காரர் வருவார், பூட்டுக்குள் வைக்க மாதிரிக்குச் செய்த ஒரு கொக்கியைப் பார்ப்பார். பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் மிஷினை விற்றுவிட்டு மூவரையும் பழையபடி மண் சலிக்க அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மண் சலித்தால் ஆறுச்சாமிக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும்.

"அச்சுல இருந்து வர்றப்ப தொட்டா உதிர்ற பக்குவத்துல இருக்கும். பச்சப் புள்ளையாட்டம் பாத்துக்கோணும்," என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியூர் போனார்.

கொக்கி பிறந்தது. சுண்டுவிரல் நீளம். மருதாத்தாள் உடனே பழைய சேலையில் தூளி கட்டினாள்.

"இன்னும் தலை நிக்கலீங்கண்ணா, பாத்துத் தூக்குங்க!"

கரைப்பான் தொட்டியில் குளிப்பாட்டி மெழுகை எடுத்தார்கள். அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது. குளித்த பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று மருதாத்தாள் சாம்பிராணிப் புகை போட்டாள். தொட்டி தீப்பிடிக்காமல் போனது யார் செய்த புண்ணியமோ! செங்கோடன் திருஷ்டிப் பொட்டு வைக்க மை கொண்டுவந்தான். கொக்கிக்கு நெற்றி எந்தப் பக்கம் என்பதில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு உலையில் வைத்தார்கள்.

மறுநாள் உலை ஆறியதும் திறந்தால், ஐயோ!

"புள்ள எளச்சுப்போச்சுங்ணா!" என்று மருதாத்தாள் அலறினாள்.

மெழுகு போன பிறகு சூட்டில் தூள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும். நீளத்தில் ஆறில் ஒரு பங்கு குறையும். அதற்காகவே அச்சைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். இதைச் சொல்ல முதலாளி மறந்துவிட்டார். ஆறுச்சாமி கொக்கியை மறுபடி அச்சில் போட்டு ஆட்டிப் பார்த்தார். லொடலொட என்றது. அவருக்கு அப்போதே மூக்கு அடைத்தது.

"வயித்துக்கு ஒண்ணுமே குடுக்கலீங்களே," என்றாள் மருதாத்தாள்.

"உலை தின்னுருச்சுங்ணா," என்றான் செங்கோடன்.

ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொக்கியப் பெருசாக்க நம்மளால ஆகாது. ஆனா உலைக்குள்ள போறது சுருங்குதல்லொ? அச்சையும் உள்ள வெய்யி. ரெண்டும் ஒத்துப்போயிரும்."

"அச்சு வெட்டுன வரைபடத்துல அளவு போட்டிருக்குதுங்களே?" என்றான் செங்கோடன்.

"படத்தையும் வெய்யி. மூணும் ஒண்ணாச் சுருங்கிப்போச்சுன்னா, எது எளச்சுதுன்னு எந்த மகராசனுக்குத் தெரியும்?"

அந்த யோசனையின் அழகில் மயங்கி, மூவரும் அச்சையும் படத்தையும் உலைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை உலையைத் திறந்தார்கள். அச்சு கோணிக்கொண்டு கிடந்தது, குறையவில்லை. வரைபடம் இருந்த இடத்தில் ஒரு சிட்டிகைச் சாம்பல்.

"அச்சு புடிவாதக்காரன்," என்றார் ஆறுச்சாமி. "படந்தான் சொன்ன பேச்சக் கேட்டிருக்குது." சாம்பலைப் பதமாக வழித்துத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டார்.

முதலாளியும் திண்டுக்கல்காரரும் வந்தார்கள். திண்டுக்கல்காரர் கொக்கியைப் பூட்டில் வைத்துச் சாவியைத் திருப்பினார். டக்கென்று திறந்தது. மூடினார், திறந்தார். "மயிரிழை பிசகலங்க! மாசம் பத்தாயிரம் வேணும். இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க."

ஆறுச்சாமிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இனி மண் இல்லை, சளி இல்லை!

"அச்ச எடுத்துட்டு வாய்யா," என்றார் முதலாளி. வந்த அச்சைப் பார்த்ததும் அவர் முகமும் அதே மாதிரி கோணியது. ஆள் முன்னால் கோபத்தை விழுங்கிக்கொண்டு, "சரி, புதுசா வெட்டிக்கலாம். படம் எங்க?" என்றார்.

"பத்திரமா இருக்குதுங்க." ஆறுச்சாமி பெருமையோடு தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார். "முழுப்படமும் இதுக்குள்ளதானுங்க இருக்குது. ஒரு கோடு கூட வெளிய போகல. கொஞ்சம் பொடுசாப் போச்சு, அவ்வளவுதானுங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். பார்த்தவர் நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். தீப்பெட்டி காலியாயிற்று.

"ஆரும் அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஆறுச்சாமி தரையில் குப்புற விழுந்து தேடினார். "ஐயா திண்டுக்கல்காரரே, காலைக் கீழ வெச்சராதீங்க! பொறவு படத்தை மிதிச்சுப்போடுவீங்க!"

பாவம், அவரும் ஒற்றைக் காலில் நின்றார்.