மைனா வைத்த சேனை

அந்தக் காலத்தில், அதாவது எறும்புகூட எதிரே வருகிறவரை நிறுத்தி "எங்கே இத்தனை அவசரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், தேன்பாறை என்ற மலையில் ஒரு கூட்டம் வாழ்ந்தது. மலைத்தேன் எடுப்பதுதான் அவர்கள் பிழைப்பு. கொடியில் தொங்கியபடி ஒருவர் கூட்டை அறுக்கும்போது கீழே நிற்கிறவர் லேசாக இருமினாலும் போச்சு, மொத்தத் தேனீயும் கிளம்பிவிடும். அதனால் அவர்கள் பேசுவதில்லை. கல்யாண வீட்டிலும் பேசமாட்டார்கள், சாவு வீட்டிலும் பேசமாட்டார்கள். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். மிஞ்சிப்போனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை.

பிள்ளைகள் எப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கும் என்கிறீர்களா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். குழந்தை மழலை பேசத் தொடங்கியதும் தேன்மெழுகை உருக்கி ஆறவைத்து உதட்டில் தடவிவிடுவார்கள். வாயைத் திறந்தால் மெழுகு இழுக்கும், வலிக்கும். பால் குடிக்கிற நேரத்துக்கு மட்டும் வழித்தெடுத்துவிட்டு மறுபடியும் தடவுவார்கள். ஒரு வருஷத்தில் பிள்ளை அடங்கிவிடும். இத்தனையும் செய்துவிட்டு, "எங்கள் ரத்தமே பேசாத ரத்தம்" என்று பெருமை வேறு. அடேயப்பா, என்ன ரத்தம்!

அந்தக் கூட்டத்திலேயே வாய் திறக்காதவன் மல்லன். அவன் மனைவி நஞ்சியும் அதே கூட்டத்துப் பெண்தான், அவளும் பேசாதவள்தான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வெள்ளச்சி என்று பெயர் வைத்தார்கள். அந்த வருஷமும் அடுத்த மூன்று வருஷமும் மழை இல்லை, பூ இல்லை, தேனீ வேறு மலைக்குப் போய்விட்டது. எந்த வீட்டிலும் ஒரு துளி மெழுகு கிடையாது. அந்த நாலு வருஷத்தில் தேன்பாறையில் பிறந்த ஒரே பிள்ளை வெள்ளச்சிதான்.

மூன்று வயதில் அவள் பேசிய பேச்சு இருக்கிறதே! காலையில் கண் விழித்ததும் கூரையைப் பார்த்துப் பேசுவாள். கூரை பதில் சொல்லாவிட்டால் அதற்கும் சேர்த்து அவளே சொல்லிக்கொள்வாள். அணிலிடம் பேசுவாள், ஆட்டிடம் பேசுவாள், கூரையில் வந்து உட்காரும் மைனாவிடம் பொழுது சாயும்வரை பேசுவாள். பேச்சுத் துணை இல்லாமல் காய்ந்துபோயிருந்த மைனாவுக்கு அந்தப் பிள்ளைமேல் உயிர்.

மல்லனுக்குத்தான் நிம்மதி போனது. வாய் பேசாத ஜனங்கள் கண்ணால் பேசுவதில் கெட்டிக்காரர்கள். அவன் தண்ணீருக்குப் போனால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், பிறகு அவனைப் பார்ப்பார்கள், பிறகு எங்கோ பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவன் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வருவான்.

பிள்ளை தூங்கும்போது குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். மூக்கு என் மூக்கு. காது மடல் என்னுடையது. கால் கட்டைவிரல்கூட என்னைப்போலத் தள்ளி நிற்கிறது. அப்படியானால் இந்த வாய் மட்டும் யாருடையது?

அப்படித் தன்னையே கேட்டுக்கொண்ட மாத்திரத்தில் அவனுக்கு ஏகாம்பரம் ஞாபகம் வந்தது. ஏகாம்பரம் கீழ்நாட்டு வளையல்காரர். வருஷத்துக்கு ஒரு தடவை மலையேறி வருவார். அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. பிள்ளை பிறப்பதற்கு முந்தின வருஷம் அடைமழையில் மாட்டிக்கொண்டு நாலு நாள் இங்கேயே தங்கினார். நாலு நாள்! மல்லன் அந்த நாலு நாளையும் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். இரண்டாம் நாள் அவன் விறகுக்குப் போயிருந்தான். அப்போது நஞ்சி எங்கே இருந்தாள்?

நாயிடம் கேட்டான். "வளையல்காரரா? தங்கமான மனுஷன். எனக்கு எலும்பு போட்டார்" என்றது நாய்.

இவனுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. காரணம் இல்லாமல் ஒருத்தன் அடுத்தவன் வீட்டு நாய்க்கு எதற்கு எலும்பு போடவேண்டும்?

நாயும் உடந்தை, அணிலும் உடந்தை, ஆடு அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அதுவும் உடந்தை. ஒரு நாள் நஞ்சியின் முன்னால் போய் நின்றான்.

"இது யார் பிள்ளை?"

நஞ்சி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். உதட்டைத் தொட்டுக் காட்டினாள். மூலையில் கிடந்த காலி மெழுகுச் சட்டியைக் காட்டினாள். வாயைத் திறந்து சொல்ல அவளால் முடியவில்லை. சின்ன வயதில் தடவிய மெழுகு இன்னும் உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி தவித்தாள். கண்ணீர் மட்டும் வந்தது.

குற்றம் இல்லாதவள் ஏன் அழவேண்டும், ஏன் வாயடைத்து நிற்கவேண்டும் என்று எண்ணினான் மல்லன். அவன் மட்டும் அன்றைக்கு எத்தனை வார்த்தை பேசியிருந்தானாம்?

"மூன்று நாள் தருகிறேன். நாலாம் நாள் நீயும் அவளும் ஓடைக்கு அக்கரை போய்விட வேண்டும்."

ஓடைக்கு அக்கரை புலிக்காடு. அங்கே அனுப்பப்பட்டவர் யாரும் திரும்பி வந்ததில்லை. அது நஞ்சிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கூரைமேல் இருந்த மைனாவுக்கு உடம்பெல்லாம் பதறியது. அப்போதெல்லாம் மைனா முழுக்க மண் நிறம்தான். விருட்டென்று இறங்கி அவன் முன்னால் வந்து நின்றது.

"ஏ மல்லா! உனக்கு வெட்கமாக இல்லை? இவள் வயதில் நீ எப்படி இருந்தாய் தெரியுமா? இதே கூரையடியில் உட்கார்ந்து மெழுகையும் மீறி என் காது புளிக்கப் பேசினாயே! உன் அப்பன் மூன்று வருஷம் விடாமல் மெழுகு தடவி உன்னை ஊமையாக்கினான். உன் மகளுக்கு மெழுகு தடவவில்லை, அவள் பேசுகிறாள். அவ்வளவுதான் விஷயம். அது உன் வாய்தானடா!"

அடுப்படிக்குப் போயிருந்த நஞ்சி இதைக் கேட்டுத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மல்லனோ சிரித்தான். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"நானா பேசினேன்? உனக்கு அவள் என்ன கொடுத்தாள், இப்படி வந்து சாட்சி சொல்ல?"

உண்மையைச் சொன்னால் மைனாவுக்குக் கிடைத்த மரியாதை இதுதான். நேராகப் பறந்து, துணிக்குச் சாயம் போட மஞ்சள் கரைத்து வைத்திருந்த பானைக்குப் போனது. அலகை முக்கியது. உள்ளே இறங்கிக் காலை ஊறவைத்தது. சாயத் தண்ணீர் தெறித்துக் கண்ணைச் சுற்றிலும் எரிந்தது. எரியட்டும் என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. மைனாவுக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள், அத்தனை கஷ்டப்பட்டது.

மூன்றாம் நாள் மாலை நஞ்சி பிள்ளையின் துணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நாம் எங்கே போகிறோம்? அங்கே மைனா வருமா? அப்பா வருவாரா?" என்று கேட்டபடி இருந்தாள். வாசலில் மல்லன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

மைனா தலையைத் தொங்கப்போட்டபடி அவன் எதிரே வந்தது.

"மல்லா, தப்பு என்னுடையது. பயத்தில் மறைத்துவிட்டேன்."

"என்ன தப்பு?" என்றான், சட்டென்று. இதற்காகவே காத்திருந்தவன்போல இருந்தது அவன் குரல்.

"இவள் பிறந்த அன்று உள்ளே யாரும் இல்லாத நேரத்தில் அழுதாள். தொண்டை காய்ந்திருக்கும் என்று பழச்சாறு ஒரு சொட்டு என் அலகால் அவள் நாக்கில் வைத்தேன். பறவைகள் நாங்கள் அதைச் சேனை வைப்பது என்போம். முதல் சொட்டு யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே!"

மல்லன் கண்ணைச் சுருக்கினான். "அடையாளம்?"

"மனிதர் கூட்டத்துக்குள் போய்ச் சேனை வைத்ததற்கு எங்கள் பறவைகள் கொடுத்த தண்டனை. என் அலகைப் பார், காலைப் பார், கண்ணைப் பார். இத்தனை நாள் சேறு பூசி மறைத்துவைத்திருந்தேன்."

அவன் அதையும் லேசில் விட்டுவிடவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான், புளியிலையைக் கசக்கித் தேய்த்தான். மைனா உயிர் போகிற வலியைப் பொறுத்துக்கொண்டது. மஞ்சள் துளியும் போகவில்லை.

மல்லன் தரையில் உட்கார்ந்து விம்மினான். வெள்ளச்சி ஓடிவந்து, "அப்பா ஏன் அழுகிறாய், தேனீ கொட்டிவிட்டதா?" என்றாள். அவளை அணைத்துக்கொண்டான். நஞ்சி மூட்டையை அவிழ்த்தாள். அவனை மட்டும் வெகுநாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். இந்தத் தடவை மல்லன் உஷாராக இருந்தான். ஒரு பறவையை வாசலில் அண்டவிடவில்லை. தன் விரலாலேயே தேனைத் தொட்டு முதல் சொட்டை வைத்தான். தேனீயும் திரும்பி வந்திருந்தது, மெழுகும் தடவினான். அவன் பாறைக்குப் போனதும் நஞ்சி ஈரத்துணியால் அதைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தாள். சாயங்காலம் அவன் வருகிற நேரம் பார்த்துத் திரும்பத் தடவினாள். மைனா முதலில் சொன்னதை அவள் மறக்கவில்லை.

பையன் அக்காவை மிஞ்சிவிட்டான். மெழுகைப் பிய்த்துக்கொண்டு பேசினான். மல்லன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சேனை நான்தானே வைத்தேன்? வேறு யாரும் கிட்டவே வரவில்லையே!"

"அதனால்தான்" என்றாள் நஞ்சி.

அதுதான் அவள் அவனிடம் வாய் திறந்து சொன்ன முதல் பதில். மல்லன் அவளையே பார்த்தான், அவள் இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியவன் அவன்தான்.

மைனாவின் மஞ்சள் இன்றுவரை போகவில்லை. அன்று முதல்தான், ஒரு பிள்ளை வீட்டோடு ஒட்டாத குணத்தோடு வளர்ந்தால், நம் ஜனங்கள் பெற்றவளை நிற்கவைத்துக் கேட்காமல், "இதுக்கு யாருப்பா சேனை வெச்சது?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள்.