மண்ணு விட்ட மூச்சு

ஒரு ஊர்ல ஒரு பெரிய மேய்ச்சக்காடு. அதுல பாவாயின்னு ஒருத்தி, அவ புருசன் செங்கோடன், இருபது செம்மறி, ஒரு சோடி மாடு. உம் கொட்டணும் கண்ணு, இல்லாட்டி அத்தை கதையை நிறுத்திருவேன்.

"ம்."

ஆறு மாசமா மழையே இல்ல. புல்லெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சு போச்சு. மண்ணுக்குள்ள கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி உசுருங்க கோடி கோடியா மயங்கிக் கெடக்குது. அப்புறம் ஒருநா மத்தியானம், சடசடசடன்னு மழை! அப்போ அதுங்க அத்தனையும் முழிச்சு, காஞ்ச வேரையெல்லாம் அவுக்கு அவுக்குன்னு தின்னு, ஒண்ணா மூச்சு விட்டுச்சு. புஸ்ஸ்ஸ்... கனமான மூச்சு அது. பள்ளம் பாத்துப் போயி, காட்டு நடுவுல இருந்த பாழுங்கெணத்துல தேங்கிக்கிச்சு. பள்ளிக்கூடத்துல கரியமில வாயும்பாங்களே, அதுதான். கண்ணுக்கும் தெரியாது, வாடையும் வராது.

மழை விட்டுது. அப்போ ஒரு குட்டி வழுக்கி, தொபுக்கடீர்னு கெணத்துக்குள்ள! "மேஏஏ..."ன்னு ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்ல.

பாழுங்கெணத்துல இறங்கறதுக்கு முன்னாடி லாந்தரை விட்டுப் பாக்கறது, அணைஞ்சா இறங்காம இருக்கறது அங்க வழக்கம். பாவாயி கயித்துல கட்டி இறக்கினா. பாதி ஆழத்துல, பொசுக்! அணைஞ்சு போச்சு. திரியைத் தூண்டி இறக்கினா. அதே எடத்துல, பொசுக்! மூணாந்தரம் எண்ணெய் ஊத்தி இறக்கினா. பொசுக்!

"வேண்டாங்க மாமா, இறங்காதீங்க."

"கடைக்காரன் எண்ணெயில தண்ணியக் கலந்துட்டான் புள்ள. அதுக்குப் போயி குட்டியச் சாகக் குடுக்கறதா?"

பெரிய வீரன்! சொன்னாக் கேக்கற ஆளா அவன்? அப்போ அவ அவன் இடுப்புல கயித்தைக் கட்டி, மறுநுனிய மாட்டு நுகத்தடியில கட்டினா. "நான் கூப்புடறப்பெல்லாம் 'ம்'னு சொல்லணும்"னா. அவன் கல்லு கல்லாக் கால் வெச்சு இறங்கினான்.

"மாமா?"

"ம்."

ரெண்டு கல்லு இறங்கினான்.

"மாமா?"

"...ம்."

இன்னும் ரெண்டு கல்லு.

"மாமா?"

ஒண்ணுமில்ல.

"மாமோவ்!"

ஒண்ணுமே இல்ல கண்ணு. அத்தை கையப் புடிச்சுக்கோ.

அப்போ கயிறு வெடுக்குனு இறுகுச்சு. பாவாயி மாட்டு முதுகுல வெச்சா பாரு ஒரு அடி! "ஹேய்! ஹேய்!" கயிறு கல்லுல கரகரன்னு உரசி, அவன் கெணத்து மேட்டுல வந்து விழுந்தான். ஒதடெல்லாம் நீலம். நெஞ்சுல குத்தினா, கன்னத்துல அறைஞ்சா. ரொம்ப நேரங் கழிச்சு, ஹ்ஹ்ஹான்னு ஒரு மூச்சு வந்துச்சு.

குட்டி வரல கண்ணு. அது போயிருச்சு.

"ஏன் 'ம்' சொல்லல? எனக்கு உசுரே போயிருச்சே!"ன்னு பாவாயி ஓன்னு அழுதா.

அவன் மலங்க மலங்க முழிச்சான். "சொன்னேனே புள்ள. நீ கூப்புட்டப்பெல்லாம் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

அவ்வளவுதான், கதை வீடு போயிருச்சு. போர்வைய இழுத்துக்கோ, கண்ணை மூடு.