பூந்தி டப்பாவும் ஒளிப்பலகையும்

ஓசூரில் ஒரு குரு இருந்தார். பெயர் ஹசீனா, வயது இருபத்தொன்பது. சீடர் வியாகப்பனுக்கோ ஐம்பத்தொன்று. குரு சீடரை "அண்ணே" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். அதில் இரண்டு பேருக்கும் கூச்சமே கிடையாது.

இருவருக்கும் விளக்கு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. வியாகப்பன் இருபத்திரண்டு வருஷம், பிளாஸ்டிக் வார்க்கும் உலோக அச்சுகளைச் செய்யும் அச்சுக் கூடத்தில் இருந்தவர். அவர் சொரசொரப்பு ஏற்றிய உலோகத்தை எந்த மூலையில் தடவினாலும் ஒரே மாதிரி இருக்கும். அப்படி ஒரு கை! அந்த மனுஷனுக்குத் திடீரென்று கம்ப்யூட்டரில் டிசைன் போடும் ஆசை வந்துவிட்டது. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஹசீனா சொல்லிக் கொடுக்கும் டிசைன் அறையில், எட்டுப் பேர் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் வேலையே பெரிய வேலை. டாக்டர்கள் எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்ப்பார்களே, அந்த ஒளிப்பலகை. பலகையின் ஒரு ஓரத்தில் விளக்கு. அதன் வெளிச்சம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஓடும். பின்பக்கத்தில் பொறித்த குட்டிக் குட்டிப் புள்ளிகள் அதை ஆங்காங்கே வெளியே எடுத்துவிடும். பலகை முழுக்க ஒரே வெளிச்சம் வேண்டும். இல்லையென்றால் டாக்டர் பலகையின் இருட்டை நோயென்று நினைத்துவிடுவார்.

மூன்று முறை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாயிற்று. வெளிச்சம் கூடினால் திரையில் சிவப்பு, குறைந்தால் நீலம், அளவாக இருந்தால் மஞ்சள். மூன்று முறையும் விளக்குப் பக்கம் பளீரென்று சிவப்பு காட்டியது, கடைக்கோடி இருண்டு நீலமாகக் கிடந்தது. நாலு மணிக்கு மேலாளர் கோதண்டம் பார்க்க வருகிறார். இன்றைக்கும் சொதப்பினால் வியாகப்பன் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழையபடி அச்சுக் கூடத்துக்கே போகவேண்டியதுதான். பாவம், மத்தியானச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

"மேடம், எங்க தப்பு பண்றேன்?"

"ஒரு புள்ளி என்ன செய்யும், அண்ணே?"

"தன்கிட்ட வர்ற வெளிச்சத்துல ஒரு பங்கை வெளியே விடும். மிச்சத்தை அடுத்ததுக்கு அனுப்பும்."

"எவ்வளவு பங்கு?"

"எல்லாத்துக்கும் ஒரே பங்குதான். ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஓரவஞ்சனை நம்மகிட்ட கிடையாது மேடம்."

ஹசீனா சிரித்தார். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் ஒரு டப்பா பூந்தி கொண்டுவந்திருந்தார். அதைத் திறந்து முதல் நாற்காலி பரிமளாவிடம் நீட்டினார்.

"எல்லாரும் கேளுங்க. உங்ககிட்ட வர்றதுல சரிபாதி எடுத்துக்கணும். மிச்சத்தை அடுத்தவங்ககிட்ட கொடுக்கணும்."

பரிமளாவின் தட்டில் பூந்தி மலையாகக் குவிந்தது. "அடேயப்பா, இன்னைக்கு யார் முகத்துல முழிச்சேன்!" என்றார். டப்பா நகர்ந்தது. நாலாவது ஆளே முகத்தைச் சுளித்தார். எட்டாவதாக வியாகப்பன் கைக்கு வந்தபோது அடியில் பத்துப் பன்னிரண்டு பூந்தி ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம் இது அநியாயம்!"

"ஏன் அண்ணே? எல்லாருக்கும் ஒரே பங்குதானே?"

வியாகப்பன் டப்பாவைப் பார்த்தார். பரிமளாவின் தட்டைப் பார்த்தார். அப்புறம் சட்டென்று எழுந்தார்.

"கொட்டுங்கய்யா, எல்லாத்தையும் திரும்பக் கொட்டுங்க! பரிமளா, நீ எட்டுல ஒரு பங்கு எடு. அடுத்தவர் ஏழுல ஒண்ணு. அதுக்கடுத்தவர் ஆறுல ஒண்ணு."

"கடைசி ஆள்?" என்றார் ஹசீனா.

"வர்றது அத்தனையும் எனக்கு!"

இந்தத் தடவை எட்டுத் தட்டிலும் ஒரே குவியல். சாப்பிடத்தான் அவருக்குப் பொறுமையில்லை. ஓடிப்போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். விளக்குப் பக்கம் புள்ளிகளைச் சிறிதாக்கி, எட்ட எட்ட வைத்தார். தள்ளிப் போகப் போகப் பெரிதாக்கி நெருக்கினார். கடைக்கோடியில் விரல் வைக்க இடமில்லை. மூன்றே முக்காலுக்கு மறுபடி ஓட்டினார்.

சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மஞ்சள். அறையே கைதட்டியது. வியாகப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கோதண்டம் சொன்னபடி வந்தார். மஞ்சளைப் பார்த்தார். "பலே! அச்சுக்கு அனுப்பிடு" என்றார். பிறகு புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா வியாகப்பா, சீரான வேலைக்கே பேர்போன ஆளு நீ. இது என்ன, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு, அந்தக் கோடியில ஒரே நெரிசல்? உன் கையில இப்படி ஒரு வேலை வந்து நான் பார்த்ததே இல்லையே!"

வியாகப்பன் குருவைப் பார்த்தார்.

"நீங்க பார்த்திருக்க முடியாது சார்," என்றார் ஹசீனா. "இவர் செஞ்சதுலயே சீரான வேலை இதுதான்."